ஆமூர் என்னும் எல்லை நதி



ஆசியாவின் வடகிழக்கே, ருஷ்யாவுக்கும் சீனாவுக்கும் நடுவே ஒரு பேராறு ஓடுகிறது. ருஷ்யர் அதனை ஆமூர் என்பர். சீனரோ ஹைலோங் ஜியாங், அதாவது கறுப்பு டிராகன் ஆறு என்பர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, ஒரே நீருக்கு இரு கரைகளிலும் இரு பெயர்கள் வழங்குவது புதுமையன்று. பெயர் இரண்டாயினும் நீர் ஒன்றே என்பதை நாடுகள் உணரத்தான் நாட்கள் ஆகின்றன.

ஷில்கா, அர்குன் என்னும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் ஆமூர் பிறக்கிறது. அங்கிருந்து கடல் வரை அதன் நீளம் ஏறத்தாழ 2,824 கிலோமீட்டர். கபரோவ்ஸ்க் நகரத்தருகே உசூரி ஆறு வந்து கலக்கும் வரை அது எல்லைக்கோடாக விளங்குகிறது. அதன்பின் முழுவதும் ருஷ்ய மண்ணிலேயே வடகிழக்காகச் சென்று, சகலின் தீவுக்கு எதிரே கடலை அடைகிறது. அதற்கு நீர் தரும் நிலப்பரப்பு ஏறக்குறைய 18.5 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல்!

பனி நாட்டு நதியாயினும், அதனைப் பெருகச் செய்வது பெரும்பாலும் கோடைப் பருவமழையே. குளிர்காலத்திலோ அது பல மாதங்கள் உறைந்து கிடக்கும். கரையோரச் சதுப்புகளில் செந்தலைக் கொக்குகள் கூடு கட்டுகின்றன. நன்னீர் மீன்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்றான கலூகா இந்நீரில் வாழ்கிறது. சதுப்புகளிலிருந்து ஆறு சுமந்து செல்லும் இரும்புச்சத்து ஓகோட்ஸ்க் கடலின் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. அவற்றை நம்பி மீன்வளம் செழிக்கிறது.

எல்லை என்பதால் இடரும் உண்டு. 1969-இல் உசூரியின் தீவொன்றின் பொருட்டு இரு நாட்டுப் படைகளும் மோதின. 2004-ஆம் ஆண்டின் உடன்படிக்கையே எல்லைத் தகராற்றை முடித்து வைத்தது. ஆனால், 2005 நவம்பரில் சீனாவின் ரசாயன ஆலையொன்று வெடித்து, பென்சீன் நஞ்சு சுங்காரி ஆற்றில் கலந்தது. ஹார்பின் நகரில் நான்கு நாட்கள் குடிநீர் நின்றது; டிசம்பரில் நஞ்சு கபரோவ்ஸ்க்கை எட்டியது. வரைபடத்தில் வகுத்த கோடு நீரைத் தடுக்கவில்லை.

இந்நதி நமக்கும் அயலன்று. ஆமூர் வல்லூறு என்னும் சிறு பறவை அப்பகுதியில் குஞ்சு பொரித்து, ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தருகே பெருந்திரளாய்த் தங்கும். பின்னர் அரபிக் கடலைக் கடந்து தென்னாப்பிரிக்கப் பகுதிகளுக்குச் செல்லும். 2012-இல் அங்கு வலைகளில் சிக்கி மடிந்தவை பல்லாயிரம். மறு ஆண்டே பாங்டி முதலிய ஊர்களின் மக்கள் அவ்வேட்டையைக் கைவிட்டனர். வேட்டையால் வருவாய் பெற்றவர்களே அதனைத் துறந்தது சிறிய செயலன்று.

பிறந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நாம் இப்பறவையின் நிலையை நன்கு அறிவோம். வழியில் எவரேனும் ஓரிடம் தந்தால்தான் பயணம் நிறைவேறும். ஆமூரின் சதுப்பு வற்றினாலும், தோயாங்கின் கரையில் வலை விரிந்தாலும், இழப்பு ஒன்றே. ஆற்றைக் காப்பது கரையில் உள்ளோர் கடமை மட்டுமன்று. அதன் பறவைகளுக்கு இடமளிக்கும் நம் கடமையுமாகும்.