புகைவண்டியில் வந்த படங்கள்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டவர் கவிஞர் அல்லர். தென்னிந்திய ரயில்வேயின் திருச்சி அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவர். கோவையில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட். 1905ஆம் ஆண்டு, ஊர்தோறும் சலனப்படம் காட்டிவந்த டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் நோயுற்றுத் திருச்சியில் தங்க நேர்ந்தது. அவருடைய கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கிய வின்சென்ட், வேலையை உதறினார். அப்போது வயது 22. அந்த வயதுக்குத்தான் அப்படியொரு துணிவு வரும்!

கூடாரமும் கருவியுமாகப் புறப்பட்டார். அலுவலகத்தை விட்டாரேயன்றிப் புகைவண்டியை விடவில்லை. தண்டவாளம் போன ஊர்களுக்கெல்லாம் அவருடைய படமும் போயிற்று. இயேசுநாதர் வாழ்வைச் சொல்லும் பேசாப்படம் அவற்றுள் ஒன்று. கையால் சுழற்றினால்தான் படம் நகரும். பக்கத்தில் நின்று ஒருவர் சொன்னால்தான் கதை விளங்கும். காட்டுவோரும் காண்போரும் ஒரே கூடாரத்தின் வெக்கையில் இருந்தனர்.

லூமியேர் சகோதரர்களின் திரையில் புகைவண்டி வந்தபோது மக்கள் அலறி ஓடினர் என்பார்கள். மிகைக்கதை என மறுக்கும் ஆய்வாளரும் உளர். அப்படியொரு கதை கட்டத் தோன்றுமளவுக்கு வியப்பு இருந்ததே, அது போதும் எனக்கு.

1914இல் வின்சென்ட் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை எழுப்பினார். நல்லதுதான். ஆயினும் என் மனம் கூடாரத்து வின்சென்டையே சுற்றுகிறது.

நம் வட்டத்துக்கும் கூடாரக் காலம் ஒன்று இருந்தது. எழுதியவரே எழுந்து நின்று வாசிப்பார். வரி தளர்ந்தால் முன்வரிசை இருமும். இன்று கவிதை கைப்பேசியில் வருகிறது. பாராட்டும் அதிலேயே, படிக்குமுன்பே வந்துவிடுகிறது. மலரின் தாள் வழவழப்பாகியிருக்கிறது. கூட்டத்தில் நாற்காலிகள் காலியாயிருக்கின்றன.

தஞ்சை மாவட்ட நிலவுடைமையாளர் செலுத்திய தீர்வையில் உருவான மீட்டர்கேஜ் பாதை நம்முடையது. 1902இல் பட்டுக்கோட்டை வரை நீண்டது. பின்னாளில் அகலப்பாதையில் வண்டிகள் ஓடத் தொடங்கின. பழைய வண்டியின், பழைய நிலையத்தின் ஒளிப்படங்கள் இவ்வூர் வீடுகளில் பெட்டிக்குள் கிடக்கலாம். அடுத்த கூட்டத்துக்கு அவற்றைக் கொண்டுவாருங்கள். சுவரில் பெரிதாக்கிக் காட்டுவோம். படத்துக்குரியவரே பக்கத்தில் நின்று பேசட்டும். கவிஞர்கள் அங்கேயே எழுதி, அங்கேயே வாசிக்கட்டும். வேட்டி ஒன்று திரைக்குப் போதும். அதை நான் கொண்டுவருகிறேன்.