காலிக் கோட்டையில் ஒரு பகல்



பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்குச் சரித்திரம் காட்டப் புறப்படும் தகப்பன்மாரில் நானும் ஒருவன். அதிலும் தமிழாசிரியன். வீட்டில் ஒரு கரும்பலகை இல்லாததுதான் குறை என்று என் மனைவி சொல்வதுண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் மனைவியின் தமக்கையார் வீட்டில் தங்கியிருந்த நாட்களில், ஒரு நாளைக் காலிக்கென்று ஒதுக்கினோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து.

காலையில் கொழும்புக் கோட்டை நிலையத்தில் நின்றபோதே முதற் கேள்வி வந்துவிட்டது.

"அப்பா, கோட்டை எங்கை?" என்றான் மகன்.

கோட்டையின் மதில்களைப் பிரித்தானியர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள், பெயர்தான் மிச்சம் என்றேன்.

"அப்ப ஏன் கோட்டை எண்டு எழுதியிருக்கினம்?"

காரணப்பெயர் இடுகுறிப்பெயராகிவிட்டது என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? நல்லவேளை, புகையிரதம் வந்து காப்பாற்றியது.

காலிவரை பாதையின் பெரும்பகுதி கடலோரந்தான். பிள்ளைகள் அலைகளை எண்ணிக்கொண்டு வந்தார்கள். ஹிக்கடுவைக்குச் சற்று முன்னால் பெரலிய வந்தபோது மனைவி எழுந்து மகனை யன்னலோரத்திலிருந்து தன் மடிக்கு எடுத்துக்கொண்டார். 2004 டிசம்பர் 26இல் ஒரு புகையிரதத்தையே கடல் புரட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன இடம் அது. நாங்கள் இருவரும் எதுவும் பேசவில்லை.

காலிக்கென்று நான் ஒரு பாடத்தை ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். சீனத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த மும்மொழிக் கல்வெட்டு அது. 1409ஆம் ஆண்டுத் திகதியிடப்பட்ட அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என்ற மூன்று மொழிகளிலும் எழுத்து உண்டு. சீனப் பகுதி புத்தபிரானைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தெய்வேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தேனாவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபில் அமைந்தது. பொன்னும் வெள்ளியும் பட்டும் வாசனை எண்ணெயுமாகச் சீனப் பேரரசர் அனுப்பிய காணிக்கைகளின் பட்டியல் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான். தெய்வத்துக்குத் தெய்வம் கூடக்குறையக் கொடுத்து மனத்தாங்கல் வரவைக்காத கெட்டிக்கார அரசர்! இந்தக் கல்லை 1911இல் ஒரு பொறியியலாளர் காலி நகரில் கண்டெடுத்தபோது அது மதகொன்றுக்கு மூடுகல்லாகக் கிடந்தது. எத்தனை காலம் எத்தனை பேர் அதன் முதுகில் நடந்து போனார்களோ!

கல் இப்போது காலியில் இல்லை. கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கிறது. ஆகவே பாடத்தை வாய்மொழியாகவே நடத்தினேன். மகள் கேட்டாள். மகன் கொட்டாவி விட்டான்.

கோட்டை மதிலில் ஏறியதும் அவனுக்கு உயிர் வந்தது. கீழே கிரிக்கெட் மைதானம். 2010 ஜூலை 22இல் முரளிதரன் தமது கடைசி டெஸ்ட் ஆட்டத்தின் கடைசிப் பந்தில் எண்ணூறாவது விக்கெட்டை வீழ்த்தியது இங்கேதான் என்று சொன்னேன். "இந்த நிலத்திலயோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். செங் ஹோ செய்யாததை முரளி செய்துவிட்டார்.

போர்த்துக்கேயர் தொடங்கி, 1640இல் ஒல்லாந்தர் கைப்பற்றி விரித்துக் கட்டிய கோட்டை இது. பழைய வாயிலின் உட்புறத்தில் 1669 என்று ஆண்டு பொறித்த ஒல்லாந்தக் கம்பனியின் இலச்சினைக்கு மேல் ஒரு சேவல் நிற்கிறது. மகன் அதைப் பார்த்துக் கூவினான், காவலாளி சிரித்தார். ஒல்லாந்தர் தேவாலயத்தில் தரையெல்லாம் கல்லறைக் கற்கள். அவற்றின் மண்டையோடுகளை மிதிக்காமல் இருவரும் தாண்டித் தாண்டி விளையாடினார்கள். எங்கள் யாழ்ப்பாணக் கோட்டைக்குள்ளும் இப்படியொரு தேவாலயம் இருந்து போரில் அழிந்தது. என் சிறு பிராயத்தில் கோட்டை என்றால் குண்டுச் சத்தந்தான். மதிலில் பிள்ளைகள் ஓடி விளையாடலாம் என்பதையே அன்றுதான் கண்டேன்.

நண்பகல் வெயிலில் லெயின்பான் வீதியால் வரும்போது மகள் என் கையை இழுத்தாள். "அப்பா, தமிழ் கேக்குது!"

ஒரு வீட்டு விறாந்தையில் தொப்பி அணிந்த முதியவர் ஒருவர் பேரனை அதட்டிக்கொண்டிருந்தார். காலிக் கோட்டைக்குள் தலைமுறை தலைமுறையாக வாழும் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றின் வீட்டு மொழி தமிழ். அது எனக்குத் தெரியும். ஆயினும் ஆயத்தம் செய்த பாடத்தில் கல்லைச் சேர்த்த நான் இவர்களைச் சேர்க்கவில்லை.

"வெயில்ல நிக்காதீங்க தம்பி, புள்ளைகளக் கூட்டிட்டு உள்ளுக்கு வாங்க" என்றார். பிள்ளைகளுக்குக் குளிர்ந்த தண்ணீர், எங்களுக்குத் தேநீர். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"யாழ்ப்பாணமா? எங்க பொஞ்சாதிட ராத்தாவ அங்கதான் கட்டிக் குடுத்த. சோனக தெருவில இருந்தாங்க. தொண்ணூறுல வந்துட்டாங்க."

நேயர்களே, இருபது வருடமாக மாணவருக்கு வினைச்சொல் கற்பிக்கிறேன். அந்த "வந்துட்டாங்க" என்ற ஒரு சொல்லுக்கு முன்னால் தலை குனிந்து தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். 1990 ஒக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வீட்டையும் கடையையும் நகையையும் விட்டுவிட்டு, கையில் அகப்பட்டதோடு போனார்கள். அதற்கு வேறு வினைச்சொல் உண்டு. அது அவருக்கும் தெரியும். விருந்தாளி முகம் சுருங்கக் கூடாதென்று தன்வினையால் மூடிவிட்டார். பிறகு முரளிதரனைப் பற்றிப் பேசினார். புறப்படும்போது மகனின் சட்டைப்பையில் இனிப்புகளைத் திணித்தார்.

வெளிச்சவீட்டின் அருகே மதிலில் உட்கார்ந்திருந்தபோது மகள் கேட்டாள்.

"அவை ஏன் வந்தவை, அப்பா?"

"வரேல்லை, பிள்ளை. துரத்தினவை."

"ஆர்?"

சொன்னேன். மனைவி என்னை ஒருமுறை பார்த்தார், தடுக்கவில்லை.

"நீங்கள் அப்ப எங்கை நிண்டனீங்கள்?"

"வீட்டில. எனக்கு அப்ப பத்து வயசு. எங்கட வகுப்பில படிச்ச ஒரு பெடியன் அடுத்த நாள் வரேல்லை."

"நீங்கள் தேடிப் போகேல்லையோ?"

"இல்லை."

தம்பி ஐஸ்கிறீம் கேட்டு அழத் தொடங்கியதால் பேச்சு அதோடு நின்றது. மாலைப் புகையிரதத்தில் இருவரும் நித்திரையாகிவிட்டார்கள். நான் அந்தப் பையனின் பெயரை நினைவுபடுத்திப் பார்த்தேன். முன்பெல்லாம் அவன் முகம் வருமுன்னே பெயர் வந்துவிடும். அன்று முகம் மட்டுமே வந்தது.

மறுநாள் நூதனசாலைக்கும் போனோம். கல்லின் உச்சியில் இரண்டு பறவை நாகங்கள் இருப்பதால் மகனுக்கு மெத்தப் பிடித்துவிட்டது. மகள் மூன்று மொழிகளையும் தனித்தனியே பார்த்துவிட்டு, பாரசீகப் பகுதி ஏன் இவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கேட்டாள்.

விடுமுறை முடிந்து, பள்ளிக்கூடத்தில் "நான் சென்ற சுற்றுலா" என்று கட்டுரை எழுதச் சொன்னார்களாம். திருத்தித் தரும்படி கொப்பியை என்னிடம் நீட்டினாள். முரளிதரன் இருந்தார், சேவல் இருந்தது. செங் ஹோவுக்கு ஒரேயொரு வரி. கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: "காலியில் ஒரு தாத்தா எங்களுக்குத் தண்ணீர் தந்தார். அவருடைய சொந்தக்காரரை எங்கள் ஊரில் இருந்து துறத்தினார்கள்."

சிவப்புப் பேனாவை எடுத்து வல்லின றகரத்தை இடையின ரகரமாக்கினேன். வேறெதையும் தொடவில்லை.