வலிப்பு வந்து விழும் பிள்ளைகள்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

  

நம் கண்டனூர் வட்டாரத்தில் ஒரு பெண்பிள்ளை பள்ளிக்கூடத்திலோ மதரஸாவிலோ கை கால் உதறிக் கீழே விழுந்தால், காக்காய் வலிப்பு என்பர் சிலர். ஜின் தீண்டிவிட்டது என்பர் வேறு சிலர். பரிசோதனையில் குறையொன்றும் இல்லையென மருத்துவர் கூறிவிட்டாலோ, "பாசாங்கு செய்கிறாள்" என்று பெற்றவர்களே ஏசத் தொடங்குவர். இம்மூன்றும் அல்லாத ஒன்று உண்டு.

காக்காய் வலிப்பு மூளையின் மின்னோட்டம் தாறுமாறாவதால் வருவது. அதே தோற்றத்தில், ஆனால் அந்த மின்கோளாறு இல்லாமல், உள்ளத்தின் தாளாத பாரம் உடல்வழியே வெளிப்படுவதும் உண்டு. தேர்வு அச்சம், வீட்டுச் சச்சரவு, வாய்விட்டுச் சொல்லவியலாத கொடுமை எனக் காரணம் பலவாகலாம். காரணம் புலப்படாமலும் இருக்கலாம். அப்பிள்ளை இதை வேண்டுமென்று செய்வதில்லை. அடக்கவும் அவளால் இயலாது. ஆண்களுக்கும் வருவதுண்டு. முன்னாளில் 'ஹிஸ்டீரியா' என்று பெண்கள் மீது சுமத்திய பெயரை மருத்துவ உலகம் கைவிட்டுவிட்டது. நாம்தான் இன்னும் விடவில்லை.

ஜின் என்று முடிவுகட்டி ஊர் ஊராக அழைத்துச் செல்லும் பாதை எங்கே போய் முடியக்கூடும் என்பதை நம் அண்டை மாவட்டத்து ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, அங்கே தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓடவியலாமல் கருகினர். மாண்டோர் 28 பேர். பின்னர் அங்கே துஆவோடு மருந்தும் கிடைக்க வேண்டுமென அரசு மருத்துவர்களைக் கொண்டு 'தவா-துஆ' திட்டம் வந்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது. மிளகாய்ப் புகை காட்டுவதும் பிரம்பால் அடிப்பதும் ஓதிப் பார்த்தல் ஆகா; அவை அநியாயம்.

வலிப்பு நோயுற்ற ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்து துஆச் செய்ய வேண்டிய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. பொறுத்துக்கொண்டால் சுவனம் உண்டு என அறிந்ததும் நோயைப் பொறுத்துக்கொள்ள இசைந்தார். விழும்போது ஆடை விலகுவதை மட்டும் அவரால் பொறுக்க இயலவில்லை; அதற்காகவே துஆக் கேட்டார், நபியவர்களும் துஆச் செய்தார்கள். நாமோ ஒரு பிள்ளை விழுந்தால் வட்டமிட்டு நின்று வேடிக்கை பார்க்கிறோம்.

ஆகவே உஸ்தாதுமார்களே, முதலில் கூட்டத்தை விலக்குங்கள், ஆடையைச் சரிசெய்யுங்கள், அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றுங்கள். கையில் இரும்புச் சாவி வேண்டாம், வாயில் கரண்டியோ தண்ணீரோ வேண்டாம். உதறும் கைகால்களை அமுக்காதீர்கள். மெல்லிய குரலில், "பயப்படாதேம்மா, நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்லுங்கள். முதன்முறையாக வந்தாலும், ஐந்து நிமிடத்திற்கு மேல் நீண்டாலும், அடிபட்டாலும் 108-ஐ அழையுங்கள். இன்ன வகை என்று மருத்துவர் முன்பே கூறியிருந்தால் அவர் சொன்னபடி நடங்கள். தெளிந்தபின் வகுப்பிலேயே அமரச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு அனுப்பினால் படிப்புதான் அறுபடும்.

எவ்வகை என்பதை நாம் தீர்மானிக்கலாகாது. இரண்டும் ஒருவருக்கே இருப்பதுண்டு. வலிப்பு வரும் வேளையில் இ.இ.ஜி.யும் வீடியோவும் ஒருசேரப் பதிவு செய்வதே உறுதியான பரிசோதனை. வீட்டார் கைபேசியில் எடுத்த காட்சியும் மருத்துவருக்கு உதவும். ஆனால் அது அவர் கண்ணுக்கு மட்டுமே, வாட்ஸ்அப் குழுக்களுக்கு அன்று. மனம் சார்ந்த வகையை வலிப்பு மாத்திரை தீர்க்காது. பயிற்சி பெற்றோரிடம் பேசிப் பெறும் சிகிச்சையே பயன் தரும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாதீர்கள்.

என்னிடம் ஓதிப் பார்க்க வருவோர் தாராளமாக வாருங்கள், ஓதுகிறேன். மருத்துவச் சீட்டையும் கையோடு கொண்டு வாருங்கள். சீட்டு இல்லாதோர் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். போவதற்குத் தயங்குவோர் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம்.