பல்கருச் செயலியும் அதன் உறையும்



கணினியின் மூளை எனப்படும் செயலி ஒரு சிறு சிலிக்கன் வில்லையாகும். அதிலுள்ள கோடிக்கணக்கான திரான்சிற்றர்கள், வாய்க்கால் மடைகளைப்போலத் திறந்தும் மூடியும் மின்னோட்டத்தை ஆளுகின்றன. அவற்றை இயக்குவது ஒரு கடிகாரத் துடிப்பு. துடிப்பு விரைந்தால் வேலையும் விரையும். ஆதலின், அதனை விரைவாக்குவதிலேயே பொறியியலாளர் நெடுங்காலம் முனைந்து நின்றனர்.

வெப்பம் அவர்களைத் தடுத்தது. விரைவை உயர்த்த மின்னழுத்தத்தையும் உயர்த்த நேரும். மின்னழுத்தம் இருமடங்கானால், விரைவு மாறாதிருப்பினும் செலவாகும் வலு நான்கு மடங்காகும். வினாடிக்கு 400 கோடித் துடிப்புடைய பென்டியம் 4 செயலியை வெளியிடும் திட்டத்தை இன்டெல் நிறுவனம் 2004ஆம் ஆண்டிற் கைவிட்டது.

மாற்று வழி யாது? ஒரு தொழிலாளியை ஓயாது விரட்டுவதை விடுத்து, அளவான வேகத்திற் பலரை அமர்த்துவதே. தானே கணிக்கவல்ல பகுதியைக் கரு என்பர். ஐ.பி.எம். நிறுவனம் 2001இல் ஒரே வில்லையில் இரு கருக்களை அமைத்தது. 2005இல் இம்முறை மேசைக் கணினிகளுக்கும் வந்தது. ஒவ்வொரு கருவுக்கும் தனக்கென ஒரு சிறு நினைவகம் உண்டு. ஒன்று மாற்றிய எண்ணை மற்றொன்று பழையபடியே வாசித்தால் கணக்குப் பிழைத்துவிடும். ஆதலால், மாற்றம் நிகழும்போதே பழைய பிரதிகள் செல்லாதனவாக்கப்படுகின்றன.

இனி உறையைக் காண்போம். அது வெறும் மூடியன்று. வில்லையின் அடியிலுள்ள நுண்ணிய ஈயப்பற்றுக் குமிழ்கள் அதனை ஓர் அடித்தட்டோடு பிணைக்கின்றன. மின்வலுவும் செய்திகளும் அத்தட்டின் மெல்லிய செப்புத் தடங்கள் வழியே செல்கின்றன. மேலுள்ள உலோக மூடி வெப்பத்தைப் பரப்பிக் குளிர்விப்பானிடம் சேர்க்கின்றது. ஏ.எம்.டி. நிறுவனம் 2019இல் வெளியிட்ட 64 கருச் செயலியில், ஓர் உறையினுள்ளே ஒன்பது வில்லைகள் அமைந்தன. எட்டு கணித்தன, நடுவிலிருந்த ஒன்று போக்குவரத்தைக் கவனித்தது. பெரிய வில்லையிற் சிறு பழுது நேரினும் முழுவதும் வீணாகக்கூடும். சிறியனவாயின் இழப்புக் குறைவு.

ஆயினும், கருக்களைப் பெருக்கினால் மட்டும் போதுமா? ஜீன் அம்டால் என்னும் அமெரிக்க அறிஞர் 1967இலேயே இதற்கு விடை தந்தார். ஒரு வேலையிற் பத்திலொரு பங்கு பகுக்க முடியாததாயின், ஆயிரம் கருக்கள் கூடினும் அவ்வேலை பத்து மடங்குக்குமேல் விரையாது. ஆகவே, புதிய கணினியின் ஆற்றல் கருக்களின் தொகையில் மட்டும் தங்கியிருப்பதன்று. வேலையைப் பகுத்தளிக்கும் நிரலாளரின் மதிநுட்பத்திலும் தங்கியுள்ளது.