ஸ்பானிய மொழிக்குத் தமிழே ஏணி

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் பினாங்கைச் சேர்ந்த அறிவிப்பாளர் ஆற்றிய உரை)



"பிள்ளைக்கு இன்னொரு மொழி வர வேண்டுமா? வீட்டில் தமிழைக் குறைத்துக் கொள்ளுங்கள்." இந்த ஆலோசனை நம் பெற்றோர்களிடையே இன்னும் உலவிக் கொண்டுதான் இருக்கிறது. முதலாம் ஆண்டுக்குப் பிள்ளையைப் பதியும் காலம் வந்துவிட்டால் கூடுதலாகவே காதில் விழும். 1816ஆம் ஆண்டில் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய ஊர் நம் ஊர். இங்கேயே தமிழைச் சுமை என்று நினைப்பது சரிதானா? ஸ்பானிய மொழியை எடுத்துக்காட்டாக வைத்து இதைச் சோதித்துப் பார்ப்போம்.

ஏன் ஸ்பானிய மொழி? ஸ்பெயின், மெக்சிகோ, அர்ஜென்டினா என்று சுமார் 20 நாடுகளின் ஆட்சிமொழி அது. 2008இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. சுற்றுலாத் துறையில் வேலை தேடும் நம் இளைஞர்களுக்குக் கூடுதலாக ஒரு மொழி தெரிந்தால் அது கைமுதல்தானே!

அடுத்த கேள்வி, எப்படிக் கற்பது? சௌராஸ்தா சந்தையில் ஹொக்கியன் பேசும் தமிழ் வியாபாரி இலக்கண நூலைப் புரட்டியவர் அல்லர். வாடிக்கையாளர் விலை கேட்டார், இவர் பதில் சொன்னார். அந்தக் கேள்வி பதிலிலேயே இலக்கணமும் வந்து சேர்ந்தது. கேள்வி கேட்பதே என் தொழில் என்பதால் சொல்கிறேன்: நல்ல கேள்விக்குள் பாதிப் பதில் ஒளிந்திருக்கும்.

காப்பிக் கடைக்கே போவோம். "தோமாஸ் கஃபே?" என்றால் "காப்பி குடிக்கிறாயா?" என்று பொருள். பதில், "சீ, தோமோ." இங்கே 'சீ' என்பதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். அவர்களுக்கு அது 'ஆம்'! 'தோமோ' என்றால் 'குடிக்கிறேன்'. 'தோமாமோஸ்' என்றால் 'குடிக்கிறோம்'. 'நான்', 'நாங்கள்' என்று தனியே சொல்லத் தேவையில்லை. யார் என்பதைச் சொல்லின் வாலே காட்டிவிடுகிறது. நம் 'ஏன், ஆய், ஓம்' விகுதிகள் செய்வதும் இதைத்தானே! ஆங்கிலத்தில் 'ஐ' போடாமல் வாக்கியம் நிற்காது. மலாயிலோ யார் குடித்தாலும் 'மீனும்' மாறுவதில்லை. இந்த இடத்தில் ஸ்பானிய மொழிக்கு நெருக்கமாக நிற்பது தமிழ்தான்.

மரியாதையும் அப்படித்தான். 'தூ' என்றால் நீ, 'உஸ்தேத்' என்றால் நீங்கள். பெரியவரிடம் "தோமாஸ்?" என்று கேட்காமல் "தோமா உஸ்தேத்?" என்று கேட்பார்கள். நம் வீட்டுப் பிள்ளைக்கு இதற்கு விளக்கமே தேவையில்லை.

ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. "மே குஸ்தா எல் கஃபே" என்பதை ஆங்கிலத்தில் "நான் காப்பியை விரும்புகிறேன்" என்ற அமைப்பில்தான் சொல்வார்கள். ஸ்பானிய வாக்கியத்தின் கட்டமைப்போ வேறு. "எனக்குக் காப்பி பிடிக்கும்" என்பதே அது. 'மே' என்பது இங்கே 'எனக்கு'. "மே துவேலே லா கபேசா" என்றால் "எனக்குத் தலை வலிக்கிறது". நான்காம் வேற்றுமையை நாம் தாய்மடியிலேயே கற்றுவிட்டோம்!

இன்னொன்று. "சோய் தே பினாங்" என்றால் நான் பினாங்குக்காரன். "எஸ்தோய் என் பினாங்" என்றால் பினாங்கில் இருக்கிறேன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'ஆம்'தான். ஊரைச் சொல்லும்போது நமக்கு வினைச்சொல்லே வேண்டாம். இருக்கும் இடத்தைச் சொல்லும்போதுதான் 'இருக்கிறேன்' வரும். அங்கேதான் 'எஸ்தோய்' வருகிறது. ஆனால் இது எல்லா இடத்திலும் பொருந்தாது. "உயரமாக இருக்கிறேன்" என்பதற்கு அவர்கள் 'சோய்' என்றே சொல்வார்கள்.

தமிழ் உதவாத இடங்களும் உண்டு. நமக்கு மேசை அஃறிணை, அதோடு முடிந்தது. அவர்களுக்கு 'லா மேசா' பெண்பால், 'எல் கஃபே' ஆண்பால். எனவே சொல்லை 'எல்', 'லா' சேர்த்தே மனனம் செய்ய வேண்டும். அந்த 'மேசா' மட்டும் புதிதன்று. போர்த்துக்கீசியர் வழியாக அது தமிழில் 'மேசை' என்றும் மலாயில் 'மேஜா' என்றும் முன்பே குடியேறிவிட்டது.

மலாயும் நமக்கு அந்நியமன்று. கேட்பவரையும் சேர்த்து 'நாம்', சேர்க்காமல் 'நாங்கள்' என்கிறோம். மலாயில் அதுவே 'கீத்தா', 'காமி'. ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் இந்த வேறுபாட்டுக்குத் தனிச் சொற்கள் இல்லை. ஒரு மொழியின் கதவு திறக்காவிட்டால் இன்னொரு மொழியின் சாவி திறக்கும். சாவிக்கொத்தில் இருந்து தமிழைக் கழற்றி எறிந்தால் நட்டம் பிள்ளைக்குத்தான்.

கற்க விரும்புவோர் இப்படித் தொடங்கலாம். விலை கேட்பது, வழி கேட்பது, நலம் விசாரிப்பது, உணவு கேட்பது, உடல்நிலை சொல்வது என ஐந்து சிறு உரையாடல்களை எழுதிக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஆங்கிலத்தை எழுதாமல் தமிழை எழுதுங்கள். வினைச்சொல்லின் வாலை மட்டும் கோடிடுங்கள். ஒருவர் கேட்க, ஒருவர் பதில் சொல்ல, நாள்தோறும் கால் மணி நேரம் வாய்விட்டுப் பேசுங்கள். அதன் பிறகு இலக்கண நூலைத் திறந்தால் அதில் இருப்பது பழகிய முகமாகவே தெரியும்.

பெற்றோர்களே, பிள்ளை எத்தனை மொழி வேண்டுமானாலும் கற்கட்டும். அதற்கான இலக்கணத்தில் பாதியை நீங்கள் சோறு ஊட்டும்போதே சொல்லிக் கொடுத்துக் கொண்டிருக்கிறீர்கள். அதை நிறுத்திவிடாதீர்கள்.