தடையில் பிறந்த இசை

கிறித்தவர்தம் தவக்காலம் சாம்பற் புதனன்று தொடங்கும். அதற்கு முந்திய திங்களும் செவ்வாயும் திரினிடாட் தீவில் கார்னிவல் திருநாள்கள். பிரெஞ்சுப் பண்ணையார்கள் மாளிகைகளில் முகமூடி அணிந்து ஆடிய காலத்தில் அடிமைகளுக்கு அங்கே இடமில்லை. 1838இல் முழு விடுதலை பெற்ற அம்மக்கள், தீப்பந்தமும் முரசும் ஏந்தித் தெருவையே தம் அரங்கமாக்கிக் கொண்டனர். எரியும் கரும்பின் நினைவாக அவ்வூர்வலம் 'கான்புலே' எனப் பெயர் பெற்றது.

1881இல் அதனை ஒடுக்க முனைந்த காவலரை மக்கள் எதிர்த்து நின்றனர். 1884இல் முரசுக்குத் தடை வந்தது. அவர்கள் மூங்கிலைத் தட்டினர். பின்னர்த் தகரங்களைத் தட்டினர். முடிவில், கழித்தெறிந்த எண்ணெய்ப் பீப்பாயிலிருந்து ஏழு சுரங்களையும் எழுப்பினர். அந்த எஃகுக் கருவியே 1992இல் நாட்டின் தேசிய இசைக்கருவியாயிற்று. முரசை விலக்கிய சட்டத்தால் தாளத்தை விலக்க இயலவில்லை.