ரெக்கொலேத்தாவில் ஒரு காலைப்பொழுது

(நமது சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தென் அமெரிக்கா போய்விட்டு வந்தீர்களே, அதைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள்" என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். மூன்று வாரத்தில் பார்த்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னால் பாதிப் பேர் கண்ணயர்ந்து விடுவீர்கள். ஆகவே ஒரே ஒரு பேட்டையைப் பற்றி, அங்கே கழிந்த ஒரு காலைப்பொழுதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

என் பிள்ளை உத்தியோக நிமித்தம் அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் அய்ரெஸ் நகரில் இரண்டு வருஷம் இருந்தான். 2023 ஜூலையில் நானும் என் மனைவியும் அங்கே போனோம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே உள்ள ஊர் என்பதால் அங்கே அப்போது நல்ல குளிர்காலம். மத்தியானச் சூரியன் வடக்கே இருக்கும். மாத்யாஹ்னிகத்துக்கு வடக்கு முகமாக நின்றால் சூரிய பகவான் நேர் எதிரே தரிசனம் தருகிறார். புத்தகத்தில் படித்த பூகோளம் எனக்கு அன்றுதான் உண்மையில் புரிந்தது.

கிளம்புவதற்கு முன் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டேன். அந்தக் கண்டத்தின் பல நாடுகளிலிருந்து இந்தியா திரும்புகிறவர்களிடம் அதற்கான சான்றிதழைக் கேட்பார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள் டாக்டரிடம் நன்றாகக் கலந்து பேசிய பிறகே அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் காய்ச்சலின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

நகரத்தின் வடபகுதியில் இருக்கிறது ரெக்கொலேத்தா. "தென் அமெரிக்காவின் பாரிஸ்" என்று அந்த ஊரைச் சொல்வார்கள். ரெக்கொலேத்தாவில் நடந்தால் காரணம் விளங்கும். அல்வெயார் என்ற வீதியின் இருபுறமும் பிரெஞ்சு பாணி மாளிகைகள். சாம்பல் நிறச் சரிவுக் கூரை, இரும்பு வேலைப்பாடு செய்த பால்கனி, ஆள் உயரத்துக்கு இரண்டு பங்கு உயரமான மரக்கதவு. சில மாளிகைகளில் இப்போது வெளிநாட்டுத் தூதரகங்கள் இருக்கின்றன. சாந்தா ஃபே வீதியில் 1919-ல் கட்டிய ஒரு நாடகக் கொட்டகை 2000-லிருந்து புத்தகக் கடையாக இருக்கிறது. மேடையில் காபிக் கடை. பால்கனிகளில் புத்தக அலமாரிகள். என் மனைவியை அங்கிருந்து கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பக்கத்துப் பூங்காவில் எஃகாலும் அலுமினியத்தாலும் ஆன ஒரு பிரம்மாண்டமான பூ நிற்கிறது. எதுவார்தோ கதலானோ என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 2002-ல் நகரத்துக்கு அளித்தது. எடை 18 டன். காலையில் இதழ் விரித்து மாலையில் குவியும்படி இயந்திரம் பொருத்தியது. நாங்கள் பார்த்துவிட்டு வந்த அதே வருஷம் டிசம்பரில் அடித்த புயலில் அதன் இதழ் ஒன்று பிய்ந்து விழுந்துவிட்டதாகப் பிள்ளை சொன்னான்.

இவ்வளவு பணக்காரர்கள் ஏன் இந்த ஒரு பேட்டையில் வந்து சேர்ந்தார்கள்? இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பதில், அந்த மஞ்சள் காய்ச்சல்.

1871-க்கு முன் செல்வந்தர்கள் நகரின் தென்பகுதியில், சான் தெல்மோ என்ற பேட்டையில் வாழ்ந்தார்கள். அந்த வருஷம் ஜனவரியில் அங்கே காய்ச்சல் தொடங்கியது. 1869 ஜனத்தொகைக் கணக்கின்படி நகரத்தில் ஏறத்தாழ 1,78,000 பேர். சில மாதங்களில் இறந்தவர்கள் சுமார் 14,000 பேர். அதாவது ஏறக்குறைய பதின்மூன்று பேருக்கு ஒருவர். வசதி உள்ளவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வடக்கே மேட்டு நிலத்துக்குப் போனார்கள். பலர் திரும்பி வரவில்லை. அவர்கள் விட்டுப்போன பெரிய வீடுகளில் புதிதாகக் கப்பலில் வந்திறங்கிய ஏழைக் குடும்பங்கள், அறைக்கு ஒன்றாகக் குடியேறின. வடக்கே ரெக்கொலேத்தா எழுந்தது.

கெட்ட காற்றினால்தான் காய்ச்சல் வருகிறது என்று அன்றைக்கு நம்பினார்கள். கொசுதான் காரணம் என்று கியூபாவின் டாக்டர் கார்லோஸ் ஃபின்லே 1881-ல் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. 1900-ல் வால்டர் ரீட் தலைமையிலான குழு அதை ருசுப்படுத்தியது. நம் ஊரில் டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான். வீட்டில் பிடித்துவைக்கும் தண்ணீரில் வளரும். ஆகவே ஓடிப்போனவர்கள் தப்பித்தது உண்மை. அவர்கள் நினைத்த காரணம்தான் தப்பு. குளிர்காலம் வந்தது, கொசு ஒடுங்கியது, காய்ச்சலும் நின்றது.

அந்தப் பேட்டையின் நடுநாயகம் எது தெரியுமா? ஒரு மயானம்! பக்கத்தில் 1732-ல் கட்டி முடித்த பிலார் மாதா கோவில். அதைச் சேர்ந்த ரெக்கொலெக்ட் துறவிகளின் பெயரால்தான் பேட்டைக்கே பெயர் வந்தது. 1822-ல் அவர்களுடைய தோட்டத்தை அரசாங்கம் எடுத்துப் பொது மயானமாக்கிற்று.

"ஊர் பார்க்க வந்த இடத்தில் மயானத்துக்கா? நான் வரமாட்டேன்" என்று என் மனைவி சொல்லிவிட்டாள். வெளியே ஒரு மிகப் பெரிய மரம் இருக்கிறது. நம் ஆல், அத்தி இனத்தைச் சேர்ந்தது. அதன் நீண்ட கிளை ஒன்றை ஓர் உலோக மனிதன் முதுகில் தாங்கி நிற்பதுபோல் சிலை செய்து வைத்திருக்கிறார்கள். அந்த மரத்தடி பெஞ்சில் பிளாஸ்க் காபியோடு அவள் உட்கார்ந்துகொள்ள, பிள்ளையும் நானும் உள்ளே போனோம்.

உள்ளே ஒரு குட்டி நகரம். வீதிகள், சந்துகள், முச்சந்திகள். வீடுகளைப் போலவே கதவும் விமானமும் வைத்த 4,600-க்கு மேற்பட்ட சமாதிகள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் பெட்டிகள் அடுக்கியிருப்பது தெரிகிறது. சிலவற்றைத் தினமும் துடைக்கிறார்கள். சிலவற்றில் கண்ணாடி உடைந்து, செடி முளைத்து, கேட்பாரில்லாமல் கிடக்கின்றன. அஸ்தியை நதியில் கரைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வரும் நமக்கு இது விசித்திரமாக இருக்கிறது. ஒரு குடும்பம் பளிங்கில் எவ்வளவு பெரிய வீடு கட்டினாலும், துடைக்க ஒரு பேரன் வேண்டியிருக்கிறது.

கூட்டம் எல்லாம் ஒரு குறுகிய சந்தில். அங்கேதான் ஈவா பெரோன் இருக்கிறாள். ஏழைப் பெண்ணாகப் பிறந்து, நடிகையாகி, ஜனாதிபதியின் மனைவியாகி, 1952-ல் 33 வயதில் இறந்தாள். 1955-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அவள் உடலை மறைத்து, இத்தாலியில் மிலான் நகரில் வேறு பெயரில் புதைத்தது. 1971-ல் அதை எடுத்துக் கணவரிடம் ஒப்படைத்தார்கள். 1976-ல்தான் இங்கே வந்து சேர்ந்தாள். கறுப்புக் கல், வெண்கலத் தகடுகள், கம்பிக் கதவில் செருகிய புதுப் பூக்கள். அவ்வளவுதான்.

சார்மியந்தோவின் சமாதியும் இங்கே உண்டு. 1868 முதல் 1874 வரை ஜனாதிபதி. நாடெங்கும் பள்ளிக்கூடம் திறந்தவர். அவர் மறைந்த செப்டம்பர் 11-ஐத்தான் அந்த நாட்டில் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் காய்ச்சல் பரவியபோது அவரும் ரயிலேறி ஊரைவிட்டுப் போனார் என்று அன்றைய பத்திரிகைகள் கடிந்துகொண்டன. பெரியவர்களுக்கும் பயம் உண்டு.

நான் தேடிப்போனது வேறொருவரை. பிரான்சிஸ்கோ ஹாவியேர் முன்யிஸ். டாக்டர், இயற்கை ஆராய்ச்சியாளர். பூமியில் புதைந்த ஆதிகால மிருகங்களின் எலும்புகளைத் தோண்டி எடுத்து ஆராய்ந்தவர். டார்வினே இவரிடம் அந்த நாட்டுக் குட்டைமூக்கு மாடுகளைப் பற்றி விவரம் கேட்டு வாங்கியிருக்கிறார். விஞ்ஞானம் படித்தவன் என்பதால் அந்தச் செய்திக்காகத்தான் அவர் பெயரைக் குறித்து வைத்திருந்தேன். அவர் இறந்த கதையைப் பிள்ளை அங்கே நின்று படித்துச் சொன்னான்.

1871-ல் அவருக்கு 75 வயது. ஓடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். காய்ச்சல்காரர்களுக்கு வைத்தியம் பார்க்க நகரத்திலேயே இருந்தார். ஏப்ரல் மாதம் அதே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அந்தச் சமயம் காய்ச்சலில் இறந்தவர்களுக்கு ரெக்கொலேத்தா மயானத்தில் இடமில்லை என்று மறுத்துவிட்டார்கள். அவர்களுக்காக சக்கரீத்தா என்ற இடத்தில் புது மயானம் திறக்க வேண்டியிருந்தது. கதவைச் சாத்திய அந்த மயானத்தில்தான் இன்று முன்யிஸின் சமாதி இருக்கிறது. நகரத்தின் தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

அங்கே நின்றபோது எனக்குக் கால் கொஞ்சம் தளர்ந்தது. காரணத்தை இந்தச் சபையில் சொல்லிவிடுகிறேன்.

2020-ல் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். மூன்றாவது மாடியில் ஒரு நர்ஸ் பெண் வாடகைக்கு இருந்தாள். அவளுக்குக் கொரோனா வார்டில் டியூட்டி. பலர் பயந்தார்கள், நானும் பயந்தேன். அவள் லிஃப்டை உபயோகிக்கக் கூடாது, பின்வாசல் வழியாகத்தான் வரவேண்டும் என்று ஒரு சர்க்குலர் போட்டோம். அவள் பெயர் அதில் இல்லை. "அத்தியாவசியப் பணியில் உள்ள குடியிருப்பாளர்கள்" என்று சர்க்கார் பாஷையில் எழுதினேன். அப்படி இருந்தது ஒருத்திதான். கையெழுத்து என்னுடையது. ராத்திரி டியூட்டி முடிந்து அவள் படியேறும் செருப்புச் சத்தம் காலையில் எங்கள் அகத்துக்குக் கேட்கும். மூன்று மாதத்தில் காலி செய்துகொண்டு போய்விட்டாள்.

வெளியே வந்து மரத்தடியில் மனைவியிடம் முன்யிஸைப் பற்றிச் சொன்னேன். நர்ஸ் பெண்ணைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவளாகவே சொன்னாள்: "அந்தப் பொண்ணு காலி பண்ணிண்டு போறச்சே நம்மாத்து வாசல்ல நின்னு சொல்லிண்டுதான் போனா. நீங்க உள்ளேயே இருந்துட்டேள்."

அன்று வீட்டுக்குப் போய் வெந்நீரில் தலைக்கு ஸ்நானம் செய்தேன். மயானத் தீட்டுக்கு அது போதும்.

ஊர் திரும்பியதும், அந்த வீட்டின் சொந்தக்காரரிடம் நம்பர் வாங்கி அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். யார் என்று அவளுக்கு உடனே தெரியவில்லை. சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "பரவாயில்லை அங்கிள், அப்போ எல்லாருக்கும் பயம்தானே" என்றாள். அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை.

நம்மில் அநேகர் எழுபதைத் தாண்டியவர்கள். காய்ச்சல் வார்டில் போய் நிற்க நம்மால் ஆகாது. ஆனால் பல ஊர்களிலும் பல குடியிருப்புச் சங்கங்களில் செயலாளராக, பொருளாளராக இருப்பவர்கள் நாம்தான். அனுபவசாலி என்று நம் கையில்தான் பேனாவைக் கொடுக்கிறார்கள். அடுத்த தொற்று எப்போது வரும் என்று தெரியாது. வந்தால், நிற்கிறவர்களுக்கு நம் லிஃப்டையாவது திறந்து வைப்போம்.

வாய்ப்புள்ளவர்கள் அவசியம் ரெக்கொலேத்தாவைப் பார்த்துவிட்டு வாருங்கள்.